ஆயில் எங்கே போனது?
பழைய கார்களில் பிரேக் கசிவும் தீ அபாயமும்

பானெட்டைத் திறந்த மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே, மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கிக்கொண்டிருக்கும் கறுப்பு வட்டமான பூஸ்டரில் விரலை வைத்து ஒரு இழு இழுத்தார். நீரில் ஊறிய கடலைத் தோல் மாதிரி பெயின்ட் உரிந்து விரலோடு வந்தது. அடியில் பழுப்புத் துரு.

"இதுதான் சார் சாட்சி. எவ்வளவு நாளா ஊத்திக்கிட்டிருக்கீங்க?"

வண்டிக்காரர் என் உறவினர். சங்கடமாகச் சிரித்தார். ஆறு மாதமாகவே டப்பாவில் கீழ்க்கோட்டைத் தொடும்போதெல்லாம் ஒரு சின்ன பாட்டில் வாங்கி ஊற்றிவந்தார். பெடல் கெட்டியாக இருந்தது, வண்டி நின்றது, அவரும் கவலைப்படவில்லை.

"குறைஞ்சா ஊத்தக் கூடாது சார். எங்க போச்சுன்னு தேடணும்."

பிரேக் ஆயில் எரிந்து செலவாகிற பொருள் இல்லை. என்ஜின் ஆயிலைப் போல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையாகப் போய்விடாது. மூடப்பட்ட குழாய்களுக்குள் அளவு குறையாமல் கிடக்க வேண்டியது. டப்பாவில் அளவு இறங்க இரண்டே காரணங்கள். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்து, காலிப்பர் பிஸ்டன் முன்னுக்கு வந்து, அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. முதல் காரணத்தால் மாதக்கணக்கில் ஒரு விரற்கடை இறங்கினாலே அதிகம். மாதாமாதம் பாட்டில் வாங்குகிறவருக்குக் கசிவுதான்.

கசிந்தால் பிரேக் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கசிந்த ஆயில் எங்கே போய் விழுந்தது, அங்கே என்ன சூடு இருந்தது, என்ன மின்சாரம் ஓடியது என்பதை யாரும் கேட்பதில்லை. கடந்த 30 ஆண்டுகளின் மிகப் பெரிய வாகனத் திரும்ப அழைப்புகள் சிலவற்றுக்குக் காரணமே அந்தக் கேட்கப்படாத கேள்விதான்.

ஆமணக்கெண்ணெயில் தொடங்கியது

நம் பட்டறைகளில் அதற்குப் பெயர் பிரேக் ஆயில். இன்றைய பாட்டிலில் இருப்பது எண்ணெய் இல்லை என்றாலும், அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் உண்டு. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கினார். 1921இல் டூசன்பெர்க் கார் அதை நான்கு சக்கரங்களிலும் பொருத்தி விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துத் திரவங்களில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்திருந்தன. எண்ணெய் ரப்பர் வாஷரைக் கெடுக்காமல் வழுக்கிக்கொடுத்தது, ஆல்கஹால் அதை இளக்கி ஓடவைத்தது. ஆல்கஹால் எளிதில் ஆவியாகும், எளிதில் பற்றும். கார்கள் வேகம் பிடித்து, பிரேக்குகள் சூடேறத் தொடங்கியபோது அந்தக் கலவை தாங்கவில்லை.

அதன் இடத்துக்கு கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள் வந்தன. இன்று பாட்டிலில் 'டாட் 3', 'டாட் 4', 'டாட் 5.1' என்று அச்சிட்டிருப்பவை இந்த வகையே. 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அந்தத் துறையின் தரவிதிப்படி புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. அதே திரவம் ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீரை உறிஞ்சிய பிறகு இந்த எண்கள் முறையே 140, 155, 180 என்று சரிகின்றன.

நீரை உறிஞ்சுவது இந்தத் திரவத்தின் பிறவிக்குணம். மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இன்னும் வேகமாக. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். நம்மில் பலரின் வண்டியிலோ, வண்டி வாங்கிய நாளில் ஊற்றிய ஆயிலே பேரப்பிள்ளை ஓட்டும் வரைக்கும் கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழிலில் நேரடிப் பங்கு உண்டு. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியில்தான் வேரூன்றியது. 'கர்லிங்' என்ற பிரிட்டிஷ் பெயர் நம் உதிரிபாகக் கடைகளில் பழகிப்போனது அந்த வழியில்தான்.

'ஆயில்' என்ற பெயரால் வருகிற ஆபத்து ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆயில் குறைந்தது என்று என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ டப்பாவில் ஊற்றியவர்கள் உண்டு. கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊதிப் பெருத்துப் பிதுங்கும். சிலவற்றில் பிரேக் இறுகி விடாமல் பிடிக்கும், சிலவற்றில் வாஷர் கிழிந்து ஒழுகும். இரண்டுமே தீக்கு வழி விடுபவை. விதிவிலக்கும் உண்டு. பிரெஞ்சு சித்ரோன் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தன் கார்களின் ஹைட்ராலிக் அமைப்புக்குப் பச்சை நிறக் கனிம எண்ணெயையே கொண்டுவந்தது. அந்த வண்டிகளில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் அதே கெடுதல் தலைகீழாக நடக்கும். எந்த வண்டிக்கு எது என்பதை டப்பா மூடியிலேயே எழுதியிருப்பார்கள். மூடியைப் படித்துவிட்டுத் திறப்பது நல்லது.

எரியுமா, எரியாதா?

தீக்குச்சியை உரசிப் பிரேக் ஆயிலில் போட்டால் அணைந்துவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. குளிர்ந்த ஆயிலில் அது நடக்கக்கூடியதுதான். அதைப் பார்த்து 'இது எரியாது' என்று முடிவு கட்டுவதுதான் தவறு.

பெட்ரோல் உறைபனிக் குளிரிலும், பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயும்கூட, நெருப்பைக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவியை விடுகிறது. ஆகவேதான் பெட்ரோல் ஒழுகினால் மூக்கு சொல்லிவிடுகிறது. கிளைக்கால் பிரேக் ஆயில் அந்த அளவுக்கு ஆவி விட 100 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். சாதாரண வெயிலில் அது வாசனையே காட்டாது. பக்கத்தில் நெருப்பே இல்லாமல், சூட்டால் மட்டும் தானாகப் பற்ற வேண்டுமென்றால் சில நூறு டிகிரி வேண்டும்.

இந்தச் சில நூறு டிகிரி காருக்குள் கிடைக்காதா என்றால், கிடைக்கும். மேட்டில் இழுத்துவந்த என்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மலையிறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் சில நூறு டிகிரிக்குப் போகும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மூடிய குடுவைக்குள் அளந்த எண்ணும், காற்றோட்டமுள்ள பானெட்டுக்குள் நடப்பதும் ஒன்றல்ல. சூடான இரும்பில் விழும் சொட்டு பெரும்பாலும் புகைந்து ஆவியாகிப் போய்விடும். தீப்பிடிக்க ஆவி தேங்க வேண்டும், காற்றோட்டம் குறைய வேண்டும், இரும்பு சூடு ஆறாமல் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் ஒன்றுசேரும் நேரம் வண்டியை நிறுத்திய முதல் சில நிமிடங்கள். ஓடும்போது ரேடியேட்டர் வழியாக வரும் காற்று எல்லாவற்றையும் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்ததும் காற்று நின்றுவிடும், மேனிஃபோல்டில் இருக்கும் சூடு நிற்காது. பானெட்டுக்குள் வெப்பம் அப்போது இன்னும் ஏறும். 'நல்லா ஓடிவந்துச்சு, நிறுத்தி டீ குடிக்கப் போனப்போ புகை வந்துச்சு' என்று வண்டித் தீயைப் பற்றிச் சொல்பவர்களின் பேச்சில் வருவது இந்த இடைவேளைதான்.

எந்த எச்சரிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். பழைய கார்களில் தீக்கு முதன்மைக் காரணங்கள் பெட்ரோல் ஹோஸ் வெடிப்பும் ஒயர் ஷார்ட் சர்க்யூட்டும்தான். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வுகள் கார்த் தீ விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இயந்திரக் கோளாறோ மின்கோளாறோ காரணமாக இருந்ததாகக் காட்டுகின்றன. மோதலால் வந்தவை நூற்றில் சில மட்டுமே. அந்த வரிசையில் பிரேக் ஆயில் தனி ஆளாக நின்றால் சின்ன ஆள்தான். வேறொன்றோடு கூட்டுச் சேர்ந்தால்தான் பெரிய ஆள்.

கசியும் இடங்கள்

முதல் கூட்டாளி சூடு. அதைப் புரிந்துகொள்ள ஆயில் எங்கெங்கே வெளியே வரும் என்று பார்க்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் தேய்ந்தால் ஆயில் பூஸ்டரின் முகத்தில் வடியும். கிளைக்கால் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் அங்கே தோல் உரிவது முதல் அடையாளம். சில வண்டிகளில் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆயில் பூஸ்டருக்குள்ளேயே போய்த் தேங்கும். பூஸ்டர் என்ஜினின் உறிஞ்சலால் இயங்குவதால், உள்ளே தேங்கியதை என்ஜினே குடித்து வெள்ளைப் புகையாகத் தள்ளுவதும் உண்டு. 'எங்கேயும் ஒழுகல, ஆனா ஆயில் குறையுது' என்ற புகாருக்குப் பல நேரம் விடை இதுதான்.

கிளட்சும் ஹைட்ராலிக்காக உள்ள கார்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே டப்பா. கிளட்ச் பக்கம் கசிந்தாலும் குறைவது பிரேக் ஆயில் டப்பாவில்தான். ஓட்டுநரின் கால்மிதி ஈரமாகப் பிசுபிசுத்தால் அதை மழைநீர் என்று துடைத்துவிடக் கூடாது.

சக்கரங்களில் டிரம் பிரேக் என்றால் வீல் சிலிண்டர், டிஸ்க் என்றால் காலிப்பர். துரு ஏறிய காலிப்பர் பிஸ்டன் பின்னுக்கு வராமல் சிக்கிக்கொண்டால் பேட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே ஓடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும், ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் ஏறும். நீர் கலந்த பழைய ஆயில் முதலில் கொதித்து ஆவியாகும், பெடல் காலடியில் பொத்தென்று விழும். மேலும் போனால் ரப்பர் உறை கருகும், வாஷர் விடும், கொதிக்கும் ஆயில் நேராகச் சூட்டின் மேலேயே சொட்டும். சக்கரத்தில் தீ இப்படியும் தொடங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் 'ஏறின கியர்லயே இறங்கு' என்று சொல்வதில் பிரேக்கோடு தீயும் அடக்கம்.

கடைசியாக, காரின் அடிவயிற்றில் ஓடும் இரும்புக் குழாய்கள். உப்புக்காற்றும் சேறும் படுகிற ஊர்களில் வெளியிலிருந்து துரு அரிக்கும். நீர் கலந்த ஆயில் உள்ளிருந்து அரிக்கும்.

மிகப் பழைய கார்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. மோரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் இல்லை, ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருந்தது. விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றித்தான் ஆயில் அளவைப் பார்க்க முடியும். பார்க்கக் கஷ்டமான இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காலத்து பிரேக்குகள் ஒற்றைச் சுற்று வேறு, ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1968இல் வந்தது.

தூங்காத மின்சாரம்

இரண்டாவது கூட்டாளி மின்சாரம். பழைய கார் என்றால் மோரிஸ், அம்பாசடர், பத்மினி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களின் கணக்கை இதுதான் மாற்றியது.

1990களில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் விற்ற கார்களிலும் டிரக்குகளிலும், வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு ஒரு சின்ன அழுத்த ஸ்விட்ச் வைத்திருந்தது. ஓட்டுநர் அழுத்தி பிரேக் பிடித்தால் ஆயிலின் அழுத்தம் அந்த ஸ்விட்சைத் தள்ளும், க்ரூஸ் கன்ட்ரோல் விடுபடும். பிரேக் விளக்கின் ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டாலும் க்ரூஸ் கன்ட்ரோல் விடுபட வேண்டுமே என்பதற்காக வைத்த இரண்டாம் காவல் அது. தயாரித்துக் கொடுத்தது டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ்.

கட்டைவிரல் பருமனுள்ள அந்த ஸ்விட்சுக்குள் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் மின்தொடுமுனைகள். இரண்டுக்கும் நடுவே காப்டான் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய படலங்கள். ஆண்டுக்கணக்கில் பிரேக் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு, அந்தப் படலம் சில வண்டிகளில் வெடித்தது. ஆயில் மறுபக்கம் ஊறியது.

ஊறியதும் உடனே தீ வரவில்லை. கிளைக்கால் நீரை இழுக்கும், நீரில் உப்பும் உலோகத் துகளும் கரையும், அந்தக் கலவை மெல்ல மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். தொடுமுனைகள் அரித்தன. அரிப்பின் வழியே கசிந்த மின்னோட்டம் சூட்டைக் கிளப்பியது, சூடு பிளாஸ்டிக் உறையை உருக்கிப் பற்றவைத்தது. இத்தனையும் நடக்கத் தேவையான மின்சாரம் அந்த ஸ்விட்சுக்கு எப்போதும் வந்துகொண்டிருந்தது. சாவியை எடுத்த பிறகும் பேட்டரி அதற்கு நேர் இணைப்பில் இருந்தது. க்ரூஸ் கன்ட்ரோலை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடாதவர்களின் வண்டிகளும், ராத்திரியில் நிறுத்தி வைத்த இடத்தில், யாரும் இல்லாத நேரத்தில் பற்றின. வண்டியோடு கேரேஜும், கேரேஜோடு வீடும் போன சம்பவங்கள் உண்டு.

திரும்ப அழைப்பு ஒரே மூச்சில் நடக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் உறுத்துவது. 1999இல் முதல் அழைப்பு, ஏறத்தாழ 2.8 லட்சம் கார்கள். 2005 ஜனவரியில் 7.9 லட்சம். அதே ஆண்டு செப்டம்பரில் 38 லட்சம். 2006இல் 12 லட்சம். 2007இல் 36 லட்சம். 2009 அக்டோபரில் 45 லட்சம். இடையிடையே சின்ன அழைப்புகளும் சேர்ந்து மொத்தம் ஏறத்தாழ 1.4 கோடி வண்டிகள். அந்தச் சின்ன ஸ்விட்ச் எந்தெந்த மாடலில் உட்கார்ந்திருக்கிறது, எதில் ஆபத்து, எதில் இல்லை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் முதல் அழைப்புக்கும் கடைசி அழைப்புக்கும் நடுவே பத்து ஆண்டு போயிற்று.

சரிசெய்த விதமும் கவனிக்கத்தக்கது. அந்த ஸ்விட்சுக்குப் போகும் ஒயரில் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டைச் சேர்த்தார்கள். ஆயில் ஊறி மின்னோட்டம் ஏறினால் ஃபியூஸ் போய்விடும், சூடு பிறக்காது. கசிவு கசிவாகவே இருக்கலாம், அது மின்சாரத்தோடு கைகோக்க மட்டும் முடியாது.

மறுபடியும் அதே கதை

ஃபோர்டு பாடத்தோடு இது முடிந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் மொத்தம் ஏறத்தாழ 33.7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது, பழைய கதை புதிய உருப்படியில் வந்திருந்தது தெரிந்தது. இம்முறை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். மாட்யூல்.

ஏ.பி.எஸ். மாட்யூல் என்பது ஒரு அலுமினியக் கட்டி. அதற்குள் ஆயில் ஓடும் வால்வுகள், ஒரு மின்மோட்டார், ஒட்டினாற்போல் ஒரு மின்சுற்றுப் பலகை. ஃபோர்டு ஸ்விட்சைப் போலவே இதிலும் ஆயிலும் மின்சாரமும் மிக நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே கசியும் ஆயில் பலகையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்த அழைப்பின்போது ஹூண்டாய் தன் கார்களில் 21 தீ விபத்துகள் பதிவானதாகச் சொன்னது. சரிசெய்யும் வரை காரை வீட்டையும் மற்ற கட்டடங்களையும் ஒட்டி நிறுத்தாமல் வெளியில் நிறுத்தச் சொன்னார்கள். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்கு அஞ்சச் சொல்லும் அறிவிப்பு அது. தீர்வும் ஏற்கெனவே பார்த்ததுதான், அளவு குறைந்த ஃபியூஸ்.

ஹூண்டாய் சொன்ன காரணம் நம் பட்டறைகளின் சுவரில் எழுதி வைக்கத் தகுந்தது. மாட்யூலில் உள்ள ரப்பர் வளையம் காலப்போக்கில் இறுக்கம் இழக்கிறது. ஆயிலில் சேரும் ஈரமும் அழுக்கும் கரைந்த உலோகமும் அதற்கு வழி செய்கின்றன. கசிவைத் தொடங்கி வைப்பதில் அழுக்கேறிய பழைய ஆயிலுக்கும் பங்கு உண்டு என்று இதைப் படிக்கலாம். நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது பெடலுக்காக மட்டும் இல்லை என்பது இதில் தெளிவாகிறது.

இது அமெரிக்கச் சந்தை மாடல்களுக்கான அழைப்பு. அதைப் படித்துவிட்டு இங்கே ஓடும் வண்டிக்கும் அப்படியே பொருந்தும் என்று பதற வேண்டியதில்லை. பாகத்தின் இயல்பு மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஏ.பி.எஸ். உள்ள பத்து வயதுக் கார் எதுவானாலும், அதில் ஆயிலும் மின்சாரமும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன.

வயதா, வடிவமைப்பா?

பழைய வண்டியில் ஒரு பாகம் கெட்டால் அது யார் குற்றம்? இதற்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஃபோர்டு ஸ்விட்ச் குறைபாடு, நிறுவனமே செலவழித்துச் சரிசெய்ய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து ஒழுகிய விவகாரத்தை அது ஆண்டுக்கணக்கில் விசாரித்தது. 2015இல் திரும்ப அழைப்பு ஏதும் இல்லாமல் விசாரணையை மூடியது. பனிக்கு உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய பழைய வண்டிகள் துருப்பிடிப்பது வயதின் இயல்பு, உரிமையாளர்கள் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும் என்பது அதன் முடிவு.

இரண்டிலும் கசிந்தது பிரேக் ஆயில், இரண்டிலும் வண்டிக்கு வயதாகியிருந்தது. வேறுபாடு என்னவென்றால், துருவேறிய குழாயை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் காணலாம். ஸ்விட்சுக்குள் வெடித்த படலத்தை எந்த உரிமையாளராலும் காண முடியாது. கண்ணுக்குப் படுவதைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை, படாததைப் பாதுகாப்பாக வடிவமைப்பது நிறுவனத்தின் கடமை என்று கோடு போடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தியச் சட்டம் இந்தக் கோட்டை வயதை வைத்துப் போட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அதை ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இலவசமாகச் சரிசெய்து தரும் காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டாக நீட்டியது. மேலே பார்த்த கசிவுகளை நினைத்துப்பாருங்கள். ரப்பர் வளையம் தளர்வதும், படலம் வெடிப்பதும் வயது ஏற ஏற நடப்பவை. இந்த வகைத் தீ ஏழு ஆண்டு கடந்த பிறகும் வரக்கூடியது. அப்போது நம் சட்டத்தின் கை அந்த வண்டியை எட்டாது.

அடுத்த அரசுச் சோதனை தனியார் காருக்குப் பதினைந்தாம் ஆண்டில், பதிவைப் புதுப்பிக்கும்போது. எஃப்.சி. எனப்படும் அந்தத் தகுதிச் சோதனைக்குப் போகும்போது பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறு மாதமாக ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியும் அன்று நன்றாகவே பிரேக் பிடிக்கும். ஏழுக்கும் பதினைந்துக்கும் நடுவில் உள்ள எட்டு ஆண்டுகளுக்குக் காவல், பானெட்டைத் திறக்கிற கை ஒன்றுதான்.

கை செய்ய வேண்டியது

டப்பா வெளியிலிருந்து அளவு தெரியும்படியே செய்யப்பட்டிருக்கிறது. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரம்தான் உள்ளே போகும். மாதம் ஒருமுறை அளவைப் பார்த்து, தேதியோடு குறித்துவைத்தால் போதும். இறங்கியிருந்தால் முதலில் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த பேடோடு டப்பாவை மேல்கோடு வரை நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போடுகிறவர்கள் ஒரு விபத்துக்கு அச்சாரம் கொடுக்கிறார்கள். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது ஆயில் டப்பாவை மீறி வழியும், பானெட்டுக்குள் சூடான இடங்களிலும் கனெக்டர்களிலும் விழும்.

வழிந்துவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கிளைக்கால் தண்ணீரில் கரையும். என்ஜின் ஆறிய பிறகு, மின் இணைப்புகளில் படாமல் கழுவ வேண்டும். துணியால் துடைத்துவிட்டு அந்தத் துணியை பானெட்டுக்குள்ளேயே செருகி வைப்பது பட்டறைகளில் காணும் பழக்கம். ஆயில் ஊறிய துணி திரிக்குச் சமம்.

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் அதை 'சென்சார் கோளாறு' என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது நம்மிடம் சாதாரணம். அந்த விளக்கும் ஆயில் குறைவதும் ஒரே காலத்தில் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுவது, அல்லது செம்புக்கம்பி சுற்றுவது, மேலே சொன்ன ஒரு கோடிக்கும் மேலான வண்டிகளில் செய்த திருத்தத்தை நேர்த்தலைகீழாகச் செய்வது.

ஈரத்துக்குப் பயந்து டாட் 5 என்ற சிலிக்கோன் திரவத்துக்கு மாறுகிறவர்கள் பழைய கார் பிரியர்களில் உண்டு. அது நீரை உறிஞ்சாது, பெயின்டையும் தின்னாது. ஆனால் கிளைக்கால் வகையோடு கலக்கக் கூடாது, ஏ.பி.எஸ். வண்டிக்கும் உகந்ததல்ல. அதுவும் எரியக்கூடியதே. கசிந்தால் தேட வேண்டும் என்ற விதியிலிருந்து எந்தத் திரவமும் விலக்குத் தருவதில்லை.

புகை வந்தேவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி விலகி நிற்பதே முதல் வேலை. பானெட்டை முழுதாகத் திறந்தால் உள்ளே காற்று பாய்ந்து சின்னத் தீ பெருந்தீயாகும். உலர்பொடி அணைப்பான் இருந்தால் பானெட் இடுக்கு வழியாக அடிக்கலாம். இல்லையென்றால் 112ஐ அழைத்துவிட்டுக் காத்திருப்பதே விவேகம். வண்டி போனால் இன்னொன்று வாங்கலாம்.

என் உறவினரின் வண்டிக்கு அன்று மாஸ்டர் சிலிண்டர் மாறியது. மெக்கானிக் பழையதைக் கழற்றி, பூஸ்டர் துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே அரைக் குவளை அளவு ஆயில் தேங்கிக் கிடந்தது. வெளியே சொட்டியதைப் போல் இரண்டு பங்கு. பிறகு பூஸ்டரிலிருந்து நேர்கீழே விரலைக் கொண்டுபோனார். ஒரு சாண் தள்ளி, பழுப்பேறிய மேனிஃபோல்டு. அதன் தோளில் காய்ந்த சொட்டுகளின் கறை, நான்கைந்து கறுப்பு வட்டங்கள்.

உறவினர் அந்த வட்டங்களை எண்ணிக்கொண்டு நின்றார். டிக்கியில் வாங்கி வைத்திருந்த அடுத்த பாட்டில் அப்படியே இருந்தது.